பட்டனை வேகமாகத் தட்டினால் காம்போ வராது

நீங்கள் கேட்ட கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஆக்‌ஷன் ஆர்பிஜி கேம்களில் (நேரடியாகச் சண்டை போட்டு, பாத்திரத்தையும் ஆயுதத்தையும் வளர்த்துக்கொண்டே போகும் வகை) காம்போ, அதாவது அடிவரிசை, உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது? சில்லறை எதிரிகளிடம் அழகாக வரும் அடிவரிசை பாஸ் (பெரிய எதிரி) முன்னால் போனதும் ஏன் பாதியில் அறுந்துபோகிறது? வேகம் கூட்டும் ஆயுதத்தை எடுப்பதா, டேமேஜ் கூட்டுவதை எடுப்பதா?

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். காம்போ என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு சமாசாரங்கள் ஓடுகின்றன. ஒன்று, எதிரி மீள்வதற்குள் அடுத்த அடி, அதிலிருந்து மீள்வதற்குள் அதற்கடுத்த அடி என்று கோத்துக்கொண்டே போவது. இன்னொன்று, சின்ன அடிகளால் புள்ளி சேர்த்து, சேர்ந்ததை ஒரு பெரிய அடியில் செலவழிப்பது. முதலாவது நேரக் கணக்கு. இரண்டாவது வரவுசெலவுக் கணக்கு. பல கேம்கள் இரண்டையும் கலந்து வைத்திருக்கின்றன. உங்கள் திண்டாட்டத்தில் பாதி அதனால்தான்.

நேரக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். எந்த வீச்சை எடுத்தாலும் மூன்று துண்டு இருக்கும்: வாளை ஓங்கும் நேரம், வாள் நிஜமாகவே வெட்டும் நேரம், வெட்டி முடித்து உடம்பு பழைய நிலைக்குத் திரும்பும் நேரம். ஸ்டார்ட்அப், ஆக்டிவ், ரிக்கவரி என்பார்கள். இவற்றை ஃபிரேம் (திரையில் ஓடும் ஒரு படம்) கணக்கில் அளப்பது வழக்கம். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. அடி வாங்கியவன் தடுமாறி நிற்கும் நேரத்துக்கு ஹிட்ஸ்டன் என்று பெயர்.

இப்போது ஒரு கற்பனை வாளை எடுத்துக்கொள்ளுங்கள். அடி பட்ட கணத்திலிருந்து உங்கள் பாத்திரம் மறுபடி தயாராக 22 ஃபிரேம் ஆகிறது. அடுத்த வீச்சு ஓங்கிப் படுவதற்கு 10 ஃபிரேம். மொத்தம் 32. எதிரி தடுமாறுவதோ 26 ஃபிரேம்தான். 6 ஃபிரேம் இடைவெளியில் அவன் சுதாரித்துத் தடுத்துவிடுவான், அல்லது உங்களைத் திருப்பி அடித்துவிடுவான். நீங்கள் பட்டனை விநாடிக்கு எட்டு முறை தட்டினாலும் இந்த 6 ஃபிரேம் குறையாது.

இந்த இடைவெளியை அடைக்கத்தான் கேன்சல் என்று ஒன்று இருக்கிறது. ரிக்கவரி முழுவதும் முடியும்வரை காத்திருக்காமல், அதன் 8-ஆவது ஃபிரேமிலேயே அடுத்த வீச்சைத் தொடங்க கேம் அனுமதித்தால் கணக்கு 8 + 10 = 18 ஆகிவிடும். எதிரிக்கு இன்னும் 8 ஃபிரேம் தடுமாற்றம் பாக்கி. அதாவது 133 மில்லிவிநாடி வரை நீங்கள் தாமதித்தாலும் சங்கிலி அறாது. காம்போ என்று திரையில் நாம் பார்ப்பது இந்தக் கழித்தல் கணக்கைத்தான்: எதிரி அசைய முடியாத நேரத்திலிருந்து நீங்கள் அசைய முடியாத நேரத்தைக் கழித்தால் வருவது.

இந்த கேன்சல் உத்தி யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுக் கண்டுபிடித்ததில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1991-இல் காப்காம் வெளியிட்ட ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல், காரை உடைக்கும் போனஸ் கட்டத்தில் பிழை தேடிக்கொண்டிருந்த தயாரிப்பாளர் நொரிடகா ஃபுனமிசு, ஓர் அடிக்குப் பின்னால் இன்னோர் அடியைச் செருக முடிவதைக் கவனித்தார். இவ்வளவு நுணுக்கமான நேரத்தில் யார் அழுத்தப்போகிறார்கள் என்று அதை மறைவாக அப்படியே விட்டுவைத்தார்கள். பத்து வருடம் கழித்து அதே நிறுவனத்தில் அதே கதை. ஒனிமுஷா கேமைச் சோதித்தபோது, எதிரியை வாளால் வெட்டிக்கொண்டே அந்தரத்தில் மிதக்கவிடும் ஒரு பிழை ஹிடெக்கி கமியாவின் கண்ணில் பட்டது. 2001-இல் அவர் இயக்கிய டெவில் மே க்ரை கேமின் அந்தரத்து அடிகளுக்கு வித்து அதுதான். இன்றைய ஆக்‌ஷன் ஆர்பிஜிகளின் சண்டை இந்த இரண்டு பிழைகளுக்கும் நிறையவே கடன்பட்டிருக்கிறது.

சரி, எந்த அடியிலிருந்து எந்த அடிக்குப் போகலாம்? அது ஒரு கிளைவிடும் மரம். லைட், அதாவது சின்ன அடி அடித்தால் மரத்தில் ஒரு படி ஏறுகிறீர்கள். ஹெவி, அதாவது கனமான அடி அடித்தால் அந்தப் படியிலிருந்து ஒரு கிளைக்குத் தாவுகிறீர்கள். 2000-இல் வந்த டைனஸ்டி வாரியர்ஸ் 2 இதைப் பாமரனுக்கும் புரியும்படி வைத்தது: சாதா அடியை எத்தனை முறை அழுத்தியபின் சார்ஜ் அடியை அழுத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்து வேறொரு முடிப்பு வரும். ஒரு முறைக்குப் பின் ஒன்று, இரண்டுக்குப் பின் இன்னொன்று. சில கேம்களில் மௌனமும் ஒரு பட்டன் மாதிரி. இரண்டு அடி, சின்ன இடைவெளி, மறுபடி அடி என்றால் வேறு கிளை திறக்கும். டெவில் மே க்ரை வரிசையில் இது பிரசித்தம். அவசரமாகத் தட்டுபவர்களுக்கு அந்தக் கிளை இருப்பதே கடைசிவரை தெரியாது. நானும் ஒரு கேமை முழுக்க முடித்துவிட்டு, இரண்டாம் முறை விளையாடும்போதுதான் என் ஈட்டிக்கு இன்னொரு முடிப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்தவன்.

அவசரத்துக்கு இன்னொரு தண்டனையும் உண்டு. பெரும்பாலான கேம்கள் நீங்கள் சற்று முன்னதாக அழுத்திய பட்டனை மறக்காமல் வைத்திருந்து, பாத்திரம் தயாரானதும் நிறைவேற்றும். இதற்கு பஃபர் என்று பெயர். உதவிக்காக வைத்ததுதான். ஆனால் மூன்று அடி போதும் என்ற இடத்தில் ஐந்து முறை தட்டியிருந்தால் நான்காவது அடி வரிசையில் காத்திருக்கும். பாஸ் கோடாலியை ஓங்குவதைப் பார்த்து நீங்கள் உருள நினைப்பீர்கள். பாத்திரம் பாட்டுக்கு நான்காவது வீச்சை வீசிக்கொண்டிருக்கும். 'பட்டன் வேலை செய்யவில்லை' என்று கண்ட்ரோலரைத் திட்டுபவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். டார்க் சோல்ஸ் மாதிரியான சோல்ஸ் வகை கேம்களில் இது பளிச்சென்று தெரியும், ஏனென்றால் அங்கே தொடங்கிய வீச்சை நடுவில் கேன்சல் செய்ய வழி ரொம்பக் குறைவு.

வாள் பட்டதும் ஒரு நொடித்துணுக்கு இருவரும் உறைந்து நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். ஹிட்ஸ்டாப் என்பார்கள். அடிக்கு கனம் வருவதற்காக வைத்தது என்று பொதுவாகச் சொல்வார்கள், சரிதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த உறைவு உங்களுக்கு யோசிக்க நேரம் தருகிறது என்பது. பட்டதா, தடுக்கப்பட்டதா? பட்டிருந்தால் மேலே போ, தடுத்திருந்தால் நிறுத்து. இந்த முடிவை எடுக்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

நடுவில் உருண்டு தப்பித்தால் காம்போ முதலிலிருந்து தொடங்குமே என்ற கவலைக்கும் சில கேம்கள் வழி வைத்திருக்கின்றன. 2009-இல் வந்த பேயனெட்டாவில், அடி பட்டனைப் பிடித்துக்கொண்டே விலகினால் மரத்தில் எந்தப் படியில் இருந்தீர்களோ அங்கிருந்தே தொடரலாம். டாட்ஜ் ஆஃப்செட் என்று அதற்குப் பெயர். நியோ என்ற கேமில் கி பல்ஸ் வேறு விதம் (கி என்பது அடிக்கச் செலவாகும் தெம்பு): அடித்து முடித்ததும் உடலைச் சுற்றி நீல ஒளி கூடும், சரியான கணத்தில் பட்டனை அழுத்தினால் செலவான கி திரும்பக் கிடைக்கும். அடிவரிசைக்குப் பின்னால் வரும் ஓய்வையே ஆட்டத்தின் ஒரு பகுதியாக்கியது எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. அது கைவந்த பிறகு மற்ற கேம்களின் ஸ்டாமினா (தெம்பு) பட்டை மொண்ணையாகத் தெரியும், எச்சரிக்கிறேன்.

இப்போது பாஸ் விஷயம்.

மேலே சொன்ன கணக்கில் 26 ஃபிரேம் தடுமாற்றம் என்பது சில்லறை எதிரிக்கு. பாஸுக்கு அது பல சமயம் பூஜ்யம். அடி படும், டேமேஜ் இறங்கும், ஆனால் அவன் அசையமாட்டான். சூப்பர் ஆர்மர் என்பது இதைத்தான். 26-க்குப் பதில் 0 போட்டுக் கழித்துப் பாருங்கள், எந்த அடிக்குப் பின்னும் நீங்கள்தான் கடன்காரர். பாஸிடம் நீளமான அடிவரிசை போடுவது ஏன் தற்கொலை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். வடிவமைப்பாளர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்றால், பாஸும் சில்லறை எதிரி மாதிரியே தடுமாறினால் ஒரே காம்போவை முடிவில்லாமல் சுழற்றி அவனை நகரவிடாமலே கொன்றுவிடலாம்.

ஆனால் ஒருபோதும் தடுமாறாத எதிரியோடு சண்டை போட்டால் சலிப்புத்தான் வரும். அதனால் ஒவ்வொரு கேமும் நடுவழி ஒன்று தேடுகிறது. 2005-இல் வந்த கிங்டம் ஹார்ட்ஸ் 2 பிடித்த வழி சுவாரசியமானது. அங்கே பாஸ்கள் தடுமாறுவார்கள். ஆனால் நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் அவனுக்குள் ஒரு ரகசியக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். அது எல்லையைத் தொட்டதும் தடுமாற்றத்தை உதறிவிட்டு எதிர்த்தாக்குதல் தொடுப்பான். விளையாடுபவர்கள் இதை ரிவெஞ்ச் வேல்யூ என்கிறார்கள். திரையில் எங்கும் காட்டாது. நன்றாக விளையாடுபவர்கள் எத்தனை அடியில் அவன் திரும்புவான் என்று எண்ணி வைத்து, அதற்கு ஓர் அடி முன்னதாக நிறுத்திவிடுவார்கள். அதே கேமில் இன்னொரு விதியும் உண்டு. பெரும்பாலான பாஸ்களின் கடைசித் துளி உயிரை காம்போவின் முடிப்பு அடியால்தான் எடுக்க முடியும். நடு அடிகள் எத்தனை விழுந்தாலும் அந்தத் துளி அப்படியே நிற்கும். ஆக, காம்போவை முடிக்கவும் வேண்டும், நீட்டவும் கூடாது. ஃபைனல் மிக்ஸ் பதிப்பில் நெகட்டிவ் காம்போ என்ற திறமை காம்போவில் ஓர் அடியைக் குறைக்கும். பெயரைப் பார்த்தால் யாராவது இதைப் போட்டுக்கொள்வார்களா என்று தோன்றும். முடிப்பு அடி சீக்கிரம் வருவதற்காகவே தேர்ந்தவர்கள் அதைப் போட்டுக்கொள்கிறார்கள்.

அந்தரத்துக் காம்போவுக்கும் இதே மாதிரி கடிவாளம் போடும் கேம்கள் உண்டு: எதிரியை எவ்வளவு நேரம் மேலே வைத்திருக்கிறீர்களோ அவ்வளவு கனமாகி வேகமாகக் கீழே விழுவான்.

இன்னொரு நடுவழி, தடுமாற்றத்தைத் தனி கேஜாக எடுத்து வைப்பது. உயிர்ப் பட்டைக்குக் கீழே இன்னொரு பட்டை; அது காலியானால், அல்லது நிரம்பினால், பாஸ் சரிந்துவிடுவான். ஸ்டேகர், போஸ்சர், ஸ்டான்ஸ் என்று கேமுக்கு ஒரு பெயர். 2020-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்கில் ஸ்டேகர் ஆன எதிரிக்கு டேமேஜ் 160 சதவீதத்திலிருந்து தொடங்கும், டிஃபா என்ற பாத்திரத்தின் சில திறமைகளால் அதை இன்னும் ஏற்றலாம். 2023-இன் ஃபைனல் ஃபேன்டசி 16-இல் பாதிப் பட்டை தீர்ந்ததும் ஒரு குட்டிச் சரிவு, முழுதும் தீர்ந்ததும் பெரிய சரிவு. சரிந்து கிடக்கும்போது அடிக்க அடிக்க டேமேஜ் பெருக்கம் 1.5 மடங்கு வரை ஏறும். அதன் சண்டைப் பகுதியை இயக்கிய ரியோட்டா சுசுகி டெவில் மே க்ரை 5-இல் வேலை பார்த்தவர், விளையாடிப் பார்த்தால் கை சொல்லிவிடும். செகிரோ கேமில் எதிரியின் உயிர் குறையக் குறைய அவன் போஸ்சர் மீள்வது மந்தமாகும். அதனால் முதலில் உயிரைச் சுரண்டுவது வீண் வேலை இல்லை. எல்டன் ரிங்கில் இந்தப் பட்டை இருக்கிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சார்ஜ் செய்த கனமான அடியும் குதித்து அடிக்கும் அடியும் அதை அதிகம் தின்னும், இடைவெளி விட்டால் மறுபடி ஏறிவிடும்.

இங்கேதான் விளையாடும் விதம் மாற வேண்டும். பட்டை சரியும்வரை உங்கள் வேலை ஒன்றிரண்டு அடி போட்டுவிட்டு விலகுவது. சரிந்த பிறகுதான் பயிற்சிக் களத்தில் பழகிய நீண்ட காம்போ. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: பாஸ் நிமிர்ந்து நிற்கும்போது பெரிய வித்தை எல்லாம் காட்டிவிட்டு, அவன் சரியும்போது எல்லாத் திறமையும் கூல்டவுனில் (மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரம்) மாட்டிக்கொண்டு சாதா அடி அடித்துக்கொண்டிருப்பார்கள்.

இனி வரவுசெலவுக் கணக்கு. இதன் நல்ல பழைய உதாரணம் 2001-இல் டயப்ளோ 2-க்கு வந்த லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் விரிவாக்கத்தின் அசாசின் வகுப்பு, அதாவது விளையாடத் தேர்ந்தெடுக்கும் ஒரு பாத்திர வகை. டைகர் ஸ்டிரைக், கோப்ரா ஸ்டிரைக் போன்ற அடிகள் மூன்று வரை சார்ஜ் சேர்க்கும். பிறகு ஒரு முடிப்பு உதையோ சாதா அடியோ அத்தனையையும் ஒரே போடாக அவிழ்த்துவிடும். 2004-இல் வந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆக்‌ஷன் ஆர்பிஜி இல்லைதான், ஆனாலும் அதன் ரோக் வகுப்பின் காம்போ பாயிண்டைச் சொல்லாமல் போக முடியாது. வழக்கமாக ஐந்து வரை சேர்க்கலாம். ஆரம்பத்தில் அந்தப் புள்ளிகள் எதிரியின் மேல் உட்கார்ந்திருந்தன. ஆளை மாற்றினால் சேர்த்தது போச்சு, செத்தாலும் போச்சு. 2014-இல்தான் அவற்றை விளையாடுபவரின் கணக்கிலேயே வைத்தார்கள். சின்ன மாற்றம் மாதிரி தெரியும். கூட்டத்தோடு சண்டை போட்டவர்களைக் கேட்டால் தெரியும் அது எவ்வளவு பெரியது என்று.

அதனால் புது கேம் எதிலாவது காம்போ புள்ளி பார்த்தால் நான் முதலில் மூன்று கேள்வி கேட்பேன். புள்ளி யார் மேல் தங்குகிறது? எவ்வளவு நேரத்தில் கரைகிறது? குறைந்த புள்ளியில் செலவழித்தால் நஷ்டம் எவ்வளவு? 2023-இல் வந்த டயப்ளோ 4-இல் ரோக்குக்கு உச்சம் மூன்று புள்ளி: அடிப்படை அடி சேர்க்கும், கோர் (முக்கிய) திறமை செலவழிக்கும். பாத் ஆஃப் எக்சைல் 2, 2024 டிசம்பரில் முன்னோட்டமாக வெளியானபோது, அதன் மாங்க் வகுப்பின் டெம்பஸ்ட் பெல் என்ற திறமைக்குக் காம்போ சேர்ந்தே ஆக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். மற்ற அடிகள் எதிரி மேல் பட்டால்தான் அது சேரும். காற்றில் வீசினால் ஒன்றும் ஏறாது. டயப்ளோவில் குறைந்த புள்ளியில் அடித்தால் குறைந்த லாபம். இங்கே சேராமல் அடிக்கவே முடியாதபடி இருந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கையில் வேறு தாளம் வரும்.

கென்ஷின் இம்பாக்ட் மாதிரி கேம்களில் புள்ளிக்குப் பதில் வரிசைதான் காம்போ. நெருப்பு ஒட்டியிருக்கும் எதிரி மேல் நீரை அடித்தால் டேமேஜ் 2 மடங்கு. நீர் ஒட்டியிருக்கும்போது நெருப்பை அடித்தால் 1.5 மடங்குதான். அதே இரண்டு பேர், அதே இரண்டு அடி, வரிசை மட்டும் வேறு.

கடைசியாக வேகமா, டேமேஜா என்ற கேள்வி. ஆர்பிஜி என்ற பாதி தலைகாட்டுவது இங்கேதான். நம் கற்பனை வாளுக்கே திரும்புவோம். கேன்சல் இல்லாமல் 32 ஃபிரேம் தேவை, எதிரி 26 தருகிறான். தாக்கும் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் 32 என்பது 26.7 ஆகும். இன்னும் கோக்காது. 30 சதவீதம் கூட்டினால் 24.6. கோத்துவிட்டது! 20-க்கும் 30-க்கும் நடுவில் எங்கேயோ ஒரு வாசல் இருக்கிறது. அதைத் தாண்டாத வேகத்தால் சங்கிலிக்கு எந்தப் பயனும் இல்லை, தாண்டிய பிறகு கூட்டும் வேகத்தாலும் சங்கிலிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் வேகம் கூட்டும் ஒரே மோதிரத்தை ஒருவர் 'உயிர்' என்பார், இன்னொருவர் 'குப்பை' என்பார். இருவர் வாளுக்கும் வாசல் வேறு இடத்தில் இருக்கும்.

டேமேஜ் பக்கம் பார்க்க வேண்டியது எதிரியின் கவசம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை. ஒவ்வோர் அடியிலிருந்தும் 20 கழிக்கும் கவசம் என்று வையுங்கள். 30 டேமேஜில் நான்கு அடி போட்டால் தாளில் 120, உண்மையில் இறங்குவது 40. அதே நேரத்தில் 100 டேமேஜில் ஒரே அடி போட்டால் 80 இறங்கும். கவசம் சதவீதத்தில் குறைத்தால் இந்த வித்தியாசம் வராது. மறுபக்கம், ஒவ்வோர் அடிக்கும் 10 சதவீத வாய்ப்பில் விஷம் ஏறும் என்று உங்கள் ஆயுதம் சொன்னால், நான்கு அடியில் ஒரு முறையாவது ஏறும் வாய்ப்பு 34 சதவீதம்; அங்கே வேகமான ஆயுதம் முந்துகிறது. காம்போ புள்ளியும் அப்படித்தான், அடி எவ்வளவு பலமானது என்று பார்ப்பதில்லை, எத்தனை என்றுதான் எண்ணும்.

நீங்கள் எந்த கேம் என்று சொல்லவில்லை, அதனால் சோதித்துப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். பயிற்சிக் களத்தில் ஒரு சாதா எதிரியை வைத்து, இரண்டாவது அடிக்கும் மூன்றாவது அடிக்கும் நடுவில் அவன் தடுப்பை எழுப்புகிறானா என்று பாருங்கள். எழுப்பினால் வேகத்தைக் கூட்டி, எழுப்பாமல் போகும் இடம்வரை போய் நிறுத்துங்கள். மிச்ச இடத்தை எல்லாம் டேமேஜுக்குக் கொடுங்கள். அப்புறம் பாஸிடம் போய், எத்தனை அடிக்குப் பின் அவன் திரும்புகிறான் என்று ஐந்து முறையாவது எண்ணுங்கள், அந்த ஐந்து முறையும் சாகத்தான் செய்வீர்கள். அவன் மூன்றாவது அடிக்கே திரும்புகிறவன் என்றால், ஆறு அடிக் காம்போவுக்காகச் சேர்த்த வேகத்தை எல்லாம் கழற்றிவிட்டு கனமான ஆயுதத்தை எடுத்துக்கொள்ளலாம்.